கோணல் கூடு

கருவேல மரத்தில் இரண்டு ஆண் தூக்கணாங்குருவிகள் ஆளுக்கொரு கூட்டைப் பாதி கட்டிவிட்டு, ஒரு பெண்குருவியின் சம்மதத்துக்காகக் காத்திருந்தன. வந்த பெண்குருவி, மூத்தது கட்டிய நேர்த்தியான கூட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இளையதின் கோணல் கூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மூத்த குருவிக்கு வயிறு எரிந்தது. பறந்துபோய்க் கேட்டது: "அப்படி என்ன இருக்கு அவன் கூட்டுல? காத்தடிச்சா ஒரு பக்கமா சாயுதே!"

"எங்கப்பா கட்டின கூடும் இப்படித்தான் சாயும். உள்ள வந்ததுமே தூக்கம் தூக்கமா வருது."

"அப்போ என் கூட்டுல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லண்ணா."

குறை என்று ஒன்று இருந்தால் சரிசெய்துவிடலாம். மூத்த குருவி தன் கூட்டுக்குத் திரும்பி, எப்படியும் எங்காவது இருக்கும் என்று ஒவ்வொரு நாராகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது.