அவரவர் நம்பர்

“பிரிண்ட் செலவை எல்லாருக்கும் பங்கு போட்டா எப்படி சார்? யார் எடுக்கறாங்களோ அவங்க தலையில கட்டுங்க. அதான் நியாயம்” என்றாள், அந்த டிசைன் ஆபீசில் எல்லோருக்கும் அக்காவான சீனியர்.

முதலாளி தலையாட்டினார். அவரவர் ரகசிய நம்பரை அழுத்தினால்தான் பிரிண்டர் ஓடும் என்றானது.

மாதக் கடைசியில், வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்திருந்த பெண்ணின் நம்பரில் கலர் பிரிண்ட் மலையாய்க் குவிந்திருந்தது. பாதிச் சம்பளம் போயிற்று.

“நான் இவ்வளவு எடுக்கவே இல்லக்கா...”

“மெஷின் பொய் சொல்லுமாடி?” அக்கா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அவள் வேலையை விட்டாள். அதே நாற்காலிக்கு வேறொருத்தி வந்தாள்.

அக்கா அவள் தோளில் கை போட்டாள்.

“பிரிண்டர் நம்பர் மறந்துட்டா திண்டாடுவே. என்கிட்ட சொல்லி வைம்மா. உனக்கு முன்னாடி இருந்தவளும் சொல்லித்தான் வெச்சிருந்தா.”