நான்கு பெயர்களில் ஒன்று

குழுவிலுள்ள நால்வரில் ஒருவரை வேலையிலிருந்து அனுப்பியாக வேண்டும், யாரென்று நீயே முடிவு செய் என்று மேலிடம் சொன்னதிலிருந்து தணிகைவேலனுக்குத் தலை கிறுகிறுத்தது. பழி தன்மேல் விழாதிருக்கப் பைதான் நிரல்மொழியில் ஐந்து வரி எழுதினான். பெயர்களைக் குலுக்கி ஒன்றை எடுத்துக் கொடுப்பதற்கென்றே அதோடு கூடவே வரும் ‘ரேண்டம்’ என்ற மாட்யூல், அதாவது ஆயத்த நிரல், உண்டு. கூப்பிட்டான். தனக்குக் குலுக்கத் தெரியாது என்றது அது. நேற்றுவரை தெரிந்திருந்ததே! மறுபடி ஓட்டினான், மறுபடியும் திரையில் அதே சிவப்புப் பிழை வரி. இதற்குமா மனசாட்சி வந்துவிட்டது? மண்டை காய்ந்துபோய், எதையும் யோசிக்காமல் பக்கத்து இருக்கை ரெஜினாவை அழைத்தான். எட்டிப் பார்த்தவுடன் அவள் சிரித்துவிட்டாள். “உங்க ஃபைலுக்கே ரேண்டம்னு பேர் வச்சிருக்கீங்களே சார்! பக்கத்துல அந்தப் பேர்ல எந்த ஃபைல் இருக்கோ அதைத்தான் பைதான் முதல்ல எடுக்கும். இவ்வளவு நேரமும் நீங்க எழுதினதையேதான் நீங்க கூப்பிட்டுட்டு இருந்திருக்கீங்க.” ஃபைலின் பெயரை அவளே மாற்றினாள். பிறகுதான் உள்ளேயிருந்த நான்கு பெயர்களையும் படித்தாள். “அட, நானும் இருக்கேன்! என்ன சார் பரிசு?” என்று கேட்டுக்கொண்டே என்டர் மேல் விரலை வைத்தாள்.