ஒன்றரை மணி நேரக் கொச்சி

“அண்ணே, இனி யோசிக்க ஒண்ணுமில்ல. எம்மகனுக்குக் கொச்சிக்கு மாத்தலாயிருச்சு! வார ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லிரலாம்” என்றார் இன்னாசியம்மாள், தன்னைத் தேடி நாகல் நகர் வீட்டுப் படியேறி வந்த பிராங்க்ளினிடம்.

பிராங்க்ளினின் மகள் தேவதர்ஷினிக்கு இன்னாசியம்மாளின் மகன் ஆல்வினைப் பிடித்திருந்தது. பிராங்க்ளினுக்கும் பிடித்திருந்தது. பிடிக்காதது அவன் வேலை பார்க்கும் டோக்கியோ மட்டும்தான்.

“ஒத்தைப் பிள்ளையைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்ப மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள நல்ல சேதி வராட்டி, இந்தா பக்கத்துல இருக்குற அகரத்து மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன்” என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

இன்று வெள்ளிக்கிழமை. இரண்டு நாளாக இன்னாசியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில்தான் மகனின் செய்தி வந்து வயிற்றில் பாலை வார்த்தது.

“திண்டுக்கல்லுல காலையில பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொச்சி. இதைவிடப் பக்கத்துல எங்கண்ணே பிள்ளையைக் குடுக்கப் போறீக?”

“எங்க, அந்த மெசேஜைக் காட்டு தங்கச்சி.”

ஆல்வின் எப்போதுமே தந்தி அடிப்பது போலத்தான் எழுதுவான். ‘கொச்சிக்கு மாற்றல். ஒன்றரை மணி நேர ஃப்ளைட். இறங்கிக் கூப்பிடுறேன்.’

பிராங்க்ளினின் முகம் சுருங்கியது. தன் போனை எடுத்துச் செத்த நேரம் தட்டிப் பார்த்தார்.

“டோக்கியோவுலேருந்து நம்ம பக்கம் வர, நேராப் பறந்தாலே ஒம்பது பத்து மணி நேரமாகும். ஒன்றரை மணி நேரத்துல எப்படி வரும்? இங்க பாரு, சப்பான்லயே ஒரு கொச்சி இருக்கு. டோக்கியோவுலேருந்து அறுநூத்துச் சொச்சம் கிலோமீட்டர். பறந்தா சரியா ஒன்றரை மணி நேரம்.”

இன்னாசியம்மாள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உலகத்தில் ஊர்ப்பெயருக்கா பஞ்சம்? போயும் போயும் அந்த ஜப்பான்காரன் இந்தப் பேரையா வைக்க வேண்டும்!

“மனசைத் தளரவிடாத தங்கச்சி. நமக்குக் குடுத்து வைக்கல, அம்புட்டுத்தான். நான் வாரேன்.” பிராங்க்ளின் எழுந்து வாசலுக்கு நடந்தார்.

அப்போது போன் அடித்தது. ஆல்வின். இன்னாசியம்மாள் வழக்கம்போல ஸ்பீக்கரைத் தட்டினார்.

“ஏலே, எறங்கிட்டியா?” அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டார். “அந்தக் கொச்சியில பேசுற பாஷையாச்சும் உனக்குப் புரியுதா?”

“மலையாளம் புரியாதாம்மா?” என்று சிரித்தான் ஆல்வின்.

வாசலைத் தாண்டப் போன பிராங்க்ளின் அப்படியே நின்றார். இன்னாசியம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“நேத்தே டோக்கியோவை விட்டுக் கெளம்பிட்டேன்மா. சென்னையில ஃப்ளைட் மாறி ஏறுறப்பதான் அந்த மெசேஜைப் போட்டேன், அங்கேருந்து ஒன்றரை மணி நேரந்தானே!”