சாம்பலில் ஊற்றிய பால்

மனைவி காத்தாயியின் எலும்பைப் பொறுக்கச் சுடுகாட்டில் குனிந்த வடமலையின் கையில் எதுவும் நிற்கவில்லை, தொட்டதெல்லாம் பொடிந்தது. அவள் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தபோதே, “உடம்புல கால்சியமே இல்லையே” என்று டாக்டர் திட்டியிருந்தார். வீட்டு மாடுகளைக் கறந்தவள் அவள்தான், குடித்ததோ கடுங்காப்பி. “பால் வாடை எனக்கு ஆவாதுங்க” என்பாள். அவரும் வசதியாக நம்பிக்கொண்டார்.

“பாலை ஊத்துங்கய்யா” என்றான் சுடுகாட்டு ஆள். சொம்புப் பால் முழுவதையும் சாம்பல் சத்தமில்லாமல் குடித்துத் தீர்த்தது.

வீடு திரும்பியதும், நிறைமாத மருமகள் அவருக்குப் பால்காப்பி கொடுத்துவிட்டு அடுப்படியில் தனக்குக் கடுங்காப்பி ஆற்றினாள்.

“உனக்குப் பால் ஊத்திக்கலையாம்மா?”

“எனக்குப் பிடிக்காதுங்க மாமா.”

வடமலை அவள் வயிற்றைப் பார்த்தார். பிறகு, காப்பி ஆறிவிடுமே என்று குடித்தார்.