அஞ்சாவது கியர்

மனைவி இறந்த பிறகு ஞானப்பிரகாசத்தின் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில் வேறு யாரும் ஏறியதில்லை. பழைய கியர் லீவரைக் கழற்றிவிட்டு, அவர் தேடி வாங்கி வந்த குட்டை லீவரைப் பொருத்திய மெக்கானிக் யாக்கூப், ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் ஏறிக்கொண்டான். மணிக்கட்டை அசைத்தாலே கியர் விழுந்தது.

“எப்படி இருக்கு சார்?”

“சொன்ன பேச்சு கேக்குது.”

திரும்ப வேண்டிய இடத்தில் அவர் திரும்பவில்லை.

“சார், கடையைத் தாண்டிட்டோம்.”

“அஞ்சாவது கியர் இன்னும் போட்டுப் பாக்கலையே, தம்பி.”

யாக்கூப் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு போனை எடுத்து வீட்டுக்குப் போட்டு, “வர லேட்டாகும், நீ சாப்பிடு” என்றான்.

“ஆறிப்போனா நான் சூடு பண்ணித் தர மாட்டேன்” என்று ஆரம்பித்து, மறுமுனையில் ஒரு பெண்குரல் கோபித்துக்கொண்டே போனது. அது முடியும்வரை ஞானப்பிரகாசம் எஞ்சின் இரையாமல் மெதுவாக ஓட்டினார்.