வாசலில் பூ

பென்ஷன் பணத்தில் ராஜா மாதிரி இருக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கண்காணிப்புப் பொறியாளராக ஓய்வுபெற்ற சிதம்பரநாதன் மனைவி வேதவல்லியோடு ஒரு தூரத்துத் தீவில் போய்க் குடியேறினார். போன கையோடு, ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த பித்தளைப் பெயர்ப்பலகையை வாசலில் மாட்டினார். மறுநாளிலிருந்து தினமும் காலையில் பலகைக்குக் கீழே யாராவது பூ வைத்துவிட்டுப் போனார்கள். அவர் தெருவில் இறங்கினால் ஆட்கள் பேச்சை நிறுத்தி, தலைகுனிந்து ஒதுங்கினார்கள். வேதவல்லிக்கு அக்கம்பக்கத்திலிருந்து பப்பாளியும் மீனும் சும்மாவே வந்தன.

"பார்த்தியா, மனுஷன் அருமை தெரிஞ்ச ஜனங்க!" என்றார் மனைவியிடம்.

"பக்கத்து வீட்டம்மா இன்னைக்குத்தாங்க புரியவச்சா," என்றாள் வேதவல்லி ஒரு நாள், அரிசி களைந்துகொண்டே. "இங்க செத்தவங்க பேரைத்தான் வாசல்ல பித்தளையில வைப்பாங்களாம். தாலியறுத்தவன்னு எனக்கு மீன் குடுத்திருக்காங்க. நீங்க நடந்தா ஆவி உலாத்துதுன்னு ஒதுங்குறாங்க. முதல்ல அதைக் கழட்டுங்க."

சிதம்பரநாதன் திருப்புளியோடு வாசலுக்குப் போனார். கீழே நேற்றைய பூ வாடிக் கிடந்தது. அத்தனை வருஷ சர்வீஸில், காரியம் ஆகவேண்டியவர்களைத் தவிர ஒருவரும் அவருக்குப் பூ கொடுத்ததில்லை. ஓய்வுபெற்ற அன்று விழுந்த மாலைகூட, அவர் இடத்துக்கு வந்தவருக்கு வாங்கியதில் மிச்சம்.

தெருமுனையில் ஒரு பெண் பூக்கூடையோடு வந்துகொண்டிருந்தாள். அவர் துண்டால் பலகையை அவசரமாக ஒரு துடை துடைத்துவிட்டு, அவள் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"கழட்டியாச்சாங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் வேதவல்லி.

அவர் உதட்டில் விரலை வைத்து, "உஷ்" என்றார்.