ஜெகதாம்பாளின் காந்தம்

"நவுருங்க, நவுருங்க! காந்தம் வருது!"

யாரோ குரல் கொடுத்ததும் கூடத்தில் இருந்த பெண்கள் சட்டென்று விலகி வழி விட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஜெகதாம்பாள், இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தபடியே வந்து பாயில் உட்கார்ந்தாள். எதிரே, கல்யாணப் பெண் புஷ்பாவின் சீர்ப் பாத்திரங்கள் பளபளவென்று அடுக்கப்பட்டிருந்தன. விடிந்தால் கல்யாணம்.

நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. மட்டமான சரக்கு என்றால் லபக்கென்று பிடித்துக்கொள்ளும். அதனால் ஜெகதாம்பாள் நூம்பலிலிருந்து முதல் நாளே வந்து தங்கிப் பார்க்காமல், அந்தச் சொந்தத்தில் எந்தச் சீரும் வண்டி ஏறாது. திருவேற்காட்டில் ஒரு குடத்தில் காந்தம் ஒட்டியதும், தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்களாம். நேரில் பார்த்தவர்கள் யாருமில்லை. ஆனால் கள்ளிக்குப்பம் முழுக்க இந்தக் கதை தெரியும்.

பெண்ணின் அம்மா கன்னியம்மா அடுக்கின் ஓரத்தில் இருந்த அண்டாவையே பார்த்தாள். குடமும் தவலையும் தட்டுகளும் நல்ல கடையில் வாங்கியவைதான். அந்தப் பெரிய அண்டா மட்டும் அவள் புருஷன் துலுக்கானம், தெருவில் வந்த சைக்கிள்காரனிடம் பாதி விலைக்கு வாங்கிப் போட்டது. வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அடியில் துரு எட்டிப் பார்த்தது. நேற்றுதான் புளி போட்டுத் தேய்த்து மறைத்திருந்தாள்.

கதவோரம் நின்ற மகளின் கையைக் கிள்ளினாள். "போச்சுடி! அண்டால ஒட்டிக்கினா உன் கல்யாணம் அவ்ளோதான்."

"சும்மா இரும்மா. ஒட்டாது."

"எப்டிடி ஒட்டாது?"

புஷ்பா அம்மாவின் காதோரம் குனிந்தாள். "காலீல அத்தை குளிச்சிட்டு, தோட்டத்துல தல ஒணத்தினு இருந்திச்சில்ல? பையிலேர்ந்து காந்தத்த எடுத்து வெந்நி அடுப்புல போட்டுட்டேன். செவக்க சுட்டு, ஆற வெச்சி, தொடச்சி, இருந்த எடத்துலயே வெச்சிட்டேன். சுட்டா காந்தத்தோட சக்தி போய்டும். ஒம்பதாவதுல படிச்சது."

"அடிப்பாவி! கணக்குல முட்ட வாங்கினவளாடி நீ?" என்றாள் கன்னியம்மா. திட்டுவதா, கட்டிப்பிடிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

சோதனை தொடங்கியது. ஜெகதாம்பாள் அந்த லாடக் காந்தத்தைக் குடத்தில் வைத்தாள். ஒட்டவில்லை. தவலையில் வைத்தாள். ஒட்டவில்லை.

அப்போதுதான் துலுக்கானம் வாயைத் திறந்தார். "யக்கா, மொதல்ல காந்தம் நல்லா கீதான்னு ஒரு இரும்புல வெச்சிப் பாரேன். அருவாமணை எடுத்தாரட்டா?"

கன்னியம்மாவுக்கு அந்த அரிவாள்மணையால் புருஷனை ஒரு வழி பண்ணிவிடலாமா என்று இருந்தது.

ஜெகதாம்பாள் முறைத்தாள். "இன்னா துலுக்கானம், என் காந்தத்துக்கே பரீட்சையா? எத்தினி கல்யாணம் பார்த்த காந்தம் தெரியுமா இது?"

"இல்லக்கா, சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னேன்" என்று அவர் வாசல் பக்கம் நழுவினார்.

கடைசியாக அண்டா. கன்னியம்மா முந்தானையை வாயில் கவ்விக்கொண்டாள். காந்தம் அண்டாவின் வாயைச் சுற்றியது, வயிற்றைத் தடவியது, அடியில் போய் ஒரு நிமிஷம் நின்றது. ஒட்டவே இல்லை.

"சுத்தமான சரக்கு! வண்டியில ஏத்துங்க" என்று ஜெகதாம்பாள் தீர்ப்புச் சொன்னாள். கன்னியம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புஷ்பா அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"கன்னிம்மா, குடிக்க கொஞ்சம் தண்ணி குடு" என்றபடி ஜெகதாம்பாள் அவள் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தாள். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த அண்டாவ மட்டும் ஆடிச் சீரோட மாத்திக் குடுத்துடு. அவசரம் ஒண்ணும் இல்ல."

"யக்கா... காந்தம் ஒட்டலியே?"

"எப்டி ஒட்டும்? தோட்டத்துலேர்ந்து பாத்துனுதான் இருந்தேன், உன் பொண்ணு வீணா வெறவு செலவு பண்ணிகீது. அந்தக் காந்தம் செத்து ஆறு வருசம் ஆவுது. என் மருமவ அவ கல்யாணத்தப்பவே அத அடுப்புல போட்டு சுட்டுட்டா" என்று சிரித்தாள் ஜெகதாம்பாள். "அன்னீலேர்ந்து நான் பாத்திரத்த எங்க பாக்குறேன்? பெத்தவ மூஞ்சியத்தான் பாக்குறேன்!"